குறைந்த செலவில் டிஜிட்டல் ஓவியம்: சேலத்தில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் சிறுவர் கதைகளுக்குப் படம் வரைகிறவள். சனி, ஞாயிறு மதியங்களில் அழகாபுரத்தில் எங்கள் வீட்டு மாடியில் பத்துப் பதினைந்து பேர் வரையக் கூடுவார்கள். பாதிப் பேர் பள்ளிப் பிள்ளைகள். மீதியில் அம்மாபேட்டையில் சேலை டிசைன் போடுகிறவர் ஒருவர், செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருப்பவரின் மகள், ஏற்காட்டிலிருந்து பஸ் பிடித்து இறங்கி வரும் கல்லூரி மாணவர் என்று எல்லாரும் உண்டு. வாரத்துக்கு ஒருவராவது, "அக்கா, எந்த டேப்லெட் வாங்கலாம்?" என்று ஆரம்பிப்பார்கள். அவர்களுக்குச் சொன்ன பதில்களைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். விலைகள் ஏறத்தாழச் சொன்னவை. வாங்கும் நாளில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

டிராயிங் டேப்லெட் என்பதும் வீட்டில் இருக்கும் டேப் என்பதும் ஒன்றா?

இல்லை. மூன்று வகைப் பொருளை ஒரே பெயரில் சொல்கிறோம், குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

முதல் வகை, திரை இல்லாத பென் டேப்லெட். பார்க்க ஒரு கறுப்புப் பலகை. யுஎஸ்பி வயரில் கணினியோடு மாட்டி, பலகையில் பேனாவை ஓட்டினால் கோடு கணினித் திரையில் விழும். இரண்டாவது வகை, திரை உள்ளது. அதற்கும் கணினி வேண்டும், ஆனால் பேனா படும் இடத்திலேயே கோடு தெரியும். மூன்றாவது, தானே கணினியாக இருக்கும் டேப். ஐபேட், சாம்சங் டேப் எல்லாம் இதில் சேரும்.

பெற்றோர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பொம்மைக் கடைகளில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் எல்சிடி எழுதுபலகை இந்த மூன்றிலும் சேராது. பட்டனை அழுத்தினால் எல்லாம் அழிந்துபோகும், படத்தைச் சேமிக்க முடியாது, கணினியோடு சேராது. ஒரு அப்பா ஆசையாகப் பையனுக்கு அதை வாங்கிக்கொண்டு வந்து நின்றார். பையனின் முகத்தைப் பார்க்க எனக்கே கஷ்டமாக இருந்தது.

முதல் முறை வாங்குகிறோம். சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள், எதை வாங்குவது?

வீட்டில் கணினியோ லேப்டாப்போ இருந்தால், 6 அங்குலத்துக்கு 4 அங்குலம் அளவில் திரை இல்லாத பென் டேப்லெட் ஒன்று வாங்குங்கள். ரூ.3,000 முதல் ரூ.5,000க்குள் நல்லது கிடைக்கும். மென்பொருளுக்குக் கிரிட்டா. அதற்குக் காசே வேண்டாம். முதல் இரண்டு வருடத்துக்கு இது தாராளமாகப் போதும்.

எங்கள் மாடியில் புழங்குபவை மூன்று. ஒன் பை வாகம் சின்னது, ஹுயான் எச்640பி, எக்ஸ்பி-பென் ஸ்டார் ஜி640. வாகம் ஜப்பான் நிறுவனம், 1983 முதல் இதே தொழிலில் இருக்கிறது. மற்ற இரண்டும் சீனத் தயாரிப்புகள். வாகமில் பலகை மேல் பட்டன் எதுவும் இருக்காது, பேனாவில் மட்டும் இரண்டு. எச்640பி-யில் ஓரத்தில் ஆறு பட்டன்கள் உண்டு. அவற்றில் 'ஒரு படி பின்னால் போ' என்பதை ஒன்றில் வைத்துக்கொண்டால் மிகவும் வசதி. மூன்றில் எதை வாங்கினாலும் உங்கள் ஓவியத்தில் வித்தியாசம் தெரியாது. அன்றைக்கு எது மலிவோ அதை வாங்குங்கள்.

சேலத்துக் கணினிக் கடைகளில் கைவசம் இருப்பது குறைவு. சொல்லிவைத்தால் வரவழைத்துத் தருவார்கள். எங்கே வாங்கினாலும் வாரண்டி இந்தியாவில் செல்லுமா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

கையைப் பார்க்காமல் திரையைப் பார்த்து வரைவதா? அது எப்படி வரும்?

எல்லாருக்கும் வரும் பயம் இது. முதல் நாள் கோடு எங்கேயோ போகும். வட்டம் போட்டால் முட்டையாகும். பாதிப் பேர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "எனக்கு வராதுக்கா" என்பார்கள். தினமும் அரை மணி நேரம் உட்கார்ந்தால் இரண்டு வாரத்தில் பழகிவிடும். மவுசைப் பழகியபோதும் கையை ஒரு இடத்திலும் கண்ணை இன்னொரு இடத்திலும்தானே வைத்திருந்தோம்?

நான் கொடுக்கும் பயிற்சி புள்ளிக் கோலம். திரையில் நேர்ப்புள்ளி ஐந்துக்கு ஐந்து வைக்கச் சொல்வேன். முதல் மூன்று நாள் புள்ளியிலிருந்து புள்ளிக்கு நேர்க்கோடு மட்டும். பேனாவைப் பலகையில் வைப்பதற்கு முன்னால் காற்றில் ஒருமுறை ஓட்டிப் பார்க்க வேண்டும். பலகைக்கு மேலே ஒரு சென்டிமீட்டருக்குள் பேனாவைப் பிடித்தாலே திரையில் அம்புக்குறி நகரும், அதைப் பார்த்துக்கொண்டே இறங்க வேண்டும். நான்காம் நாளிலிருந்து புள்ளியைச் சுற்றி வளைக்கும் சிக்குக் கோலம். வாசலில் தினமும் கோலம் போடும் வீட்டுப் பிள்ளைகளுக்கு இது சீக்கிரம் பிடிபடுகிறது. இழுக்கும்போது மணிக்கட்டைப் பூட்டிக்கொள்ளாமல் முழங்கையோடு இழுக்க வேண்டும் என்பது அவர்களுக்கு ஏற்கனவே தெரியும்.

இன்னொன்று: பலகையைத் திரைக்கு நேர் எதிரே, சாயாமல் வையுங்கள். விசைப்பலகை இடப்பக்கம் போகட்டும். பலகை பத்து டிகிரி திரும்பியிருந்தாலும் நீங்கள் இழுக்கும் நேர்க்கோடு எல்லாம் சாய்ந்தே விழும். பத்தில் ஐந்து பேருக்குக் கோளாறு கையில் இருக்காது, பலகை வைத்த விதத்தில் இருக்கும்.

வட்டம் எப்போது போட்டாலும் நசுங்கியே வருகிறதே?

பலகையின் நீள அகல விகிதமும் திரையின் விகிதமும் வேறாக இருந்தால் அப்படி ஆகும். டேப்லெட்டின் டிரைவரை, அதாவது அதை இயக்கக் கணினியில் போடும் மென்பொருளைத் திறந்தால், திரையின் விகிதத்துக்கே பலகையையும் கட்டுப்படுத்தும் ஒரு தேர்வு இருக்கும். அதை டிக் செய்யுங்கள். பலகையின் ஓரத்தில் ஒரு கீற்று பயன்படாமல் போகும், பரவாயில்லை.

2048 அழுத்த நிலை, 8192 அழுத்த நிலை என்கிறார்கள். அதிகம் இருந்தால்தானே நல்லது?

பேனாவை எவ்வளவு அழுத்துகிறோமோ அவ்வளவு கோடு தடிக்கும். அந்த அழுத்தத்தை எத்தனை படியாகப் பிரித்து அளக்கிறது என்பதுதான் அந்த எண். ஒன் பை வாகம் சின்னதில் 2048. ஹுயான், எக்ஸ்பி-பென்னில் 8192. கைக்கு இந்த வித்தியாசம் தெரியாது. கண்ணை மூடிக்கொண்டு வரைந்து பார்த்தால் எது எதுவென்று என்னாலேயே சொல்ல முடியவில்லை.

கவனிக்க வேண்டியது வேறு. பேனா லேசாகப் பட்டாலே கோடு தொடங்குகிறதா, கொஞ்சம் அமுக்கினால்தான் தொடங்குகிறதா என்று பாருங்கள். அமுக்கினால்தான் வரும் என்றால் விரல் வலிக்கும், மெல்லிய முடிக்கற்றை, புல் எல்லாம் வராது. இதைப் பெட்டியில் எழுதியிருக்க மாட்டார்கள். யாரிடமாவது இருந்தால் வாங்கித் தொட்டுப் பார்ப்பதுதான் வழி.

சின்னது போதுமா, பெரிதாக வாங்கலாமா?

வாகம் சின்னதில் வரையும் பரப்பு 152க்கு 95 மி.மீ. ஒரு தபால் அட்டையை விடச் சற்றே பெரிது. அதன் அண்ணனில் 216க்கு 135 மி.மீ. எக்ஸ்பி-பென் டெக்கோ 01, ஹுயான் எச்1060பி போன்றவை 10 அங்குலத்துக்கு ஆறேகால்.

முகம், பூ, கார்ட்டூன், எழுத்து என்று விரலையும் மணிக்கட்டையும் வைத்து வரைபவர்களுக்குச் சின்னது சரி. கரித்துண்டு பிடித்துச் சார்ட் பேப்பரில் கையை வீசி வரைந்து பழகியவர்களுக்குச் சின்னது மூச்சு முட்டும், பத்து அங்குலத்துக்குப் போங்கள். திரை 24 அங்குலம் என்றாலும் பெரிதே நல்லது. மேசையில் இடம் இருக்கிறதா என்று முதலில் அளந்து பாருங்கள்.

பேனாவுக்குச் சார்ஜ் போட வேண்டுமா?

நான் சொன்ன மூன்றுக்கும் வேண்டாம். பலகைக்கு அடியில் மெல்லிய கம்பிகள் வலைபோல ஓடுகின்றன. அதிலிருந்து வரும் மின்காந்த அலையைப் பேனாவுக்குள் இருக்கும் சிறு சுருள் வாங்கி, திருப்பி அனுப்புகிறது. அதை வைத்தே பேனா எங்கே இருக்கிறது, எவ்வளவு அழுத்துகிறது என்று பலகை கண்டுபிடிக்கிறது. பேட்டரி போடும் பேனாவோடு வரும் பழைய மாடல்கள் இன்னும் விற்பனையில் இருக்கலாம். அவற்றைத் தவிர்த்துவிடுங்கள்.

இதோடு சேர்ந்த ஒரு அனுபவம். அம்மாபேட்டையிலிருந்து வரும் பத்தாம் வகுப்பு மாணவிக்கு வீட்டில் வரையும்போது மட்டும் கோடு நடுங்கியது. நேராக இழுத்தாலும் எறும்பு ஊர்ந்த மாதிரி நெளிநெளியாக வரும். எங்கள் மாடியில் அதே பேனா, அதே பலகை, ஒரு கோளாறும் இல்லை. கை நடுங்குகிறதோ என்று அந்தப் பிள்ளை பயந்தே போயிருந்தாள். வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். லேப்டாப்பின் சார்ஜர் எர்த் இல்லாத இரண்டு துளை பிளக்கில் மாட்டியிருந்தது. சார்ஜரைப் பிடுங்கினேன், கோடு நேராக விழுந்தது. மாட்டினேன், நடுங்கியது. எர்த் உள்ள மூன்று துளை பிளக்குக்கு மாற்றியதோடு சரியாகிவிட்டது. உங்களுக்கும் கோடு நடுங்கினால் டேப்லெட்டைக் குறை சொல்வதற்கு முன் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். ஓடிக்கொண்டிருக்கும் போன் சார்ஜர், காந்தம், ஸ்பீக்கர் எல்லாவற்றையும் பலகையிலிருந்து தள்ளி வையுங்கள்.

வீட்டில் கணினி இல்லை. போன் மட்டும்தான். அதில் முடியாதா?

முடியும். இங்கே பாதி வீடுகளில் நிலைமை இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

போனில் விரலால் வரைய ஐபிஸ் பெயின்ட் செயலியை இறக்கிக்கொள்ளுங்கள். இலவசம், விளம்பரம் வரும். லேயர் (கண்ணாடித் தாள் போல ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வரையும் அடுக்கு), பிரஷ், கோட்டை நேராக்கும் வசதி எல்லாம் அதில் உண்டு. மெடிபேங்கும் நன்றாக இருக்கும். கடையில் ஐம்பது, நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ரப்பர் முனைப் பேனா விரலுக்குப் பதிலாகத்தான் பயன்படும். அழுத்தம் அதற்குத் தெரியாது, கோடு ஒரே தடிமனில் போகும்.

அடுத்த படி, போனோடு பென் டேப்லெட்டை மாட்டுவது. ஓடிஜி என்று ஒரு சின்ன இணைப்பு வேண்டும், போனில் யுஎஸ்பி வயரை மாட்டுவதற்கு, சில நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். எச்640பி போன்றவை ஆண்ட்ராய்டில் வேலை செய்யும். எல்லா மாடலும் செய்யாது, ஒன் பை வாகமை இதற்காக வாங்காதீர்கள். பெட்டியிலோ நிறுவனத்தின் தளத்திலோ ஆண்ட்ராய்டு என்று தெளிவாகப் போட்டிருந்தால் மட்டும் வாங்குங்கள். போனை நிமிர்த்தி வைத்து வரையும்போது பலகையில் ஒரு பகுதிதான் வேலை செய்யும். திரையும் சின்னது, கண் வலிக்கும். அரை மணிக்கு ஒருமுறை எழுந்து சன்னல் வழியாகத் தூரத்தைப் பாருங்கள்.

கணினியே வாங்கும் எண்ணம் இல்லை, ஆனால் ரூ.20,000க்கு மேல் செலவழிக்க முடியும் என்றால், எஸ் பென் என்ற பேனா பெட்டியிலேயே சேர்ந்து வரும் சாம்சங் டேப் நல்ல வழி. 2020-இல் வந்த எஸ்6 லைட் வகை அந்த வரிசையில் விலை குறைந்தது. அந்தப் பேனாவும் சார்ஜ் இல்லாமல், அழுத்தத்தை உணர்ந்து வேலை செய்யும். பேனா தனியே வாங்க வேண்டிய மலிவு டேப்களில் பெரும்பாலானவற்றுக்கு அழுத்தம் தெரியாது. விற்பவர் "பேனா வேலை செய்யும்" என்றால், "அழுத்தினால் கோடு தடிக்குமா?" என்று திருப்பிக் கேளுங்கள்.

அண்ணனுக்கு அரசு கொடுத்த பழைய லேப்டாப் இருக்கிறது. அதில் ஓடுமா?

பெரும்பாலும் ஓடும், கேன்வாஸை, அதாவது வரையும் பரப்பை, சின்னதாக வைத்துக்கொண்டால். கணக்கு ஒன்று சொல்கிறேன். ஏ4 தாளை அச்சுத் தரத்தில், அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி என்று வைத்தால் 2480க்கு 3508 பிக்சல். முழுக்க வண்ணம் நிரம்பிய ஒரு லேயருக்கு மட்டும் ஏறத்தாழ 35 எம்பி நினைவகம் பிடிக்கும். இருபது லேயர் போட்டால் 700 எம்பி. 4 ஜிபி ராம் உள்ள லேப்டாப்பில் விண்டோஸ் எடுத்துக்கொண்டது போக மிச்சம் இருப்பதை யோசித்துப் பாருங்கள். அதனால் பழகும்போது 1500க்கு 2000 பிக்சல் போதும். பிரவுசரை மூடிவிடுங்கள். வரைந்து முடித்த லேயர்களை ஒன்றாகச் சேர்த்துவிடுங்கள். அப்படியும் திணறினால் கிரிட்டாவை விட்டுவிட்டு ஃபயர் அல்பாகா அல்லது மைபெயின்ட் போட்டுப் பாருங்கள், இரண்டும் இலவசம், இரண்டும் லேசானவை.

கிரிட்டா என்று ஏன் இவ்வளவு சொல்கிறீர்கள்?

ஏனென்றால் அது வரைவதற்கென்றே செய்யப்பட்டது. கேடிஈ என்ற கட்டற்ற மென்பொருள் திட்டத்தில் 1999-இல் தொடங்கியது. ஸ்வீடிஷ் மொழியில் கிரிட்டா என்றால் சுண்ணக்கட்டி. விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும். கிரிட்டாவின் சொந்தத் தளத்திலிருந்து இறக்கினால் பைசா செலவில்லை. மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலும் ஸ்டீமிலும் விலை போட்டிருப்பார்கள். அது திட்டத்துக்குக் கைகொடுக்க நினைப்பவர்களுக்காக வைத்தது, மென்பொருள் ஒன்றேதான். இது தெரியாமல் விலையைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனவர்கள் உண்டு.

திறந்தவுடன் நூறு பிரஷ் கண்ணைக் கட்டும். மூன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: ஒரு பென்சில், ஒரு மைப்பேனா, ஓரம் மென்மையாக இருக்கும் ஏர்பிரஷ் ஒன்று. ஒரு மாதம் மற்றவற்றைத் தொடாதீர்கள். கோடு நெளிந்தால் பிரஷ் கருவியின் டூல் ஆப்ஷன்ஸ் பகுதியில் ஸ்டெபிலைசரை ஓடவிடுங்கள். கோடு பேனாவுக்குக் கொஞ்சம் பின்னால் இழுபட்டு வரும், ஆனால் வழவழப்பாக விழும்.

சேமிக்கும் பழக்கத்தை முதல் நாளே பிடித்துக்கொள்ளுங்கள். கண்ட்ரோல், ஆல்ட், எஸ் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் ஒவ்வொரு முறையும் புதிய எண்ணோடு தனிக் கோப்பாகச் சேமிக்கும். நேற்றைய படம்தான் நன்றாக இருந்தது என்று தோன்றும் நாளில் அருமை தெரியும்.

புகைப்படத்தைத் திருத்த கிம்ப், லோகோவுக்கும் வெட்டி ஒட்டும் வேலைக்கும் இங்க்ஸ்கேப். இவையும் இலவசமே. பணம் கொடுத்து வாங்குவது என்று முடிவு செய்தால் கிளிப் ஸ்டூடியோ பெயின்ட் நல்லது, காமிக்ஸ் வரைபவர்கள் விரும்பி வைத்துக்கொள்வார்கள். கணினிக்கு ஒரே தடவை பணம் கட்டி வாங்கும் வழி அதில் உண்டு. புரோகிரியேட் என்ற வரையும் செயலி ஐபேடுக்கு மட்டும்.

கிராக் செய்த போட்டோஷாப்பைப் பென்டிரைவில் தருகிறார்களே, அக்கா?

வேண்டாம். பல வருடங்களுக்கு முன் ஒரு கடையில் இப்படிப் போட்டுக் கொடுத்ததை நம்பி, எட்டு மாத வேலையை இழந்தேன். கோப்புகள் எல்லாம் இருந்தன, ஒன்றும் திறக்கவில்லை. ஒரு கதைக்கு வரைந்த இருபத்திரண்டு பக்கங்களைத் திரும்ப உட்கார்ந்து வரைந்தேன். போட்டோஷாப் நல்ல மென்பொருள்தான், மாதாமாதம் சந்தா கட்ட முடிகிறவர்கள் கட்டிப் பயன்படுத்துங்கள். முடியாதவர்களுக்கு நேர்மையான இலவசம் இருக்கும்போது திருட்டு எதற்கு?

கொலுசு, சேலை டிசைனுக்கு இது உதவுமா?

நன்றாக உதவும். இந்தக் கேள்வி வந்தாலே எனக்குச் சந்தோஷம், நம் ஊரின் கைத்தொழிலுக்கு இந்தப் பலகை நேராகப் பயன்படும் இடம் இது.

கிரிட்டாவில் மல்டிபிரஷ் என்று ஒரு கருவி உண்டு. நடுவில் ஒரு புள்ளி வைத்து, எத்தனை கை வேண்டும் என்று சொன்னால், நீங்கள் போடும் ஒரு கோட்டை அத்தனை திசையிலும் அதுவே போடும். கண்ணாடியில் பார்த்தது போல இடமும் வலமும் மாற்றியும் போடும். செவ்வாய்ப்பேட்டைப் பிள்ளை ஒரு கொலுசுக் கண்ணியை இப்படித்தான் வரைந்தாள். பாதிக் கண்ணியை மட்டும் வரைந்தாள், மறுபாதி தானாக விழுந்தது. அதன் கீழே முத்தும் சலங்கையும் தொங்கவிட்டு, அதைக் குளோன் லேயர்களாக, அதாவது மூலம் மாறினால் தானும் மாறும் நகல்களாக எடுத்து, வரிசையாகக் கோத்தாள். அவளுடைய அப்பா படத்தை வாங்கிப் பார்த்தவர் பேசவே இல்லை. விரலால் திரையில் பெரிதாக்கி, ஒவ்வொரு பற்றவைப்பும் எங்கே வரும் என்று எண்ணிக்கொண்டிருந்தார். அப்புறம், "இந்த இடத்தில் கம்பி மெலிசா இருக்கு கண்ணு, உடைஞ்சிரும்" என்றார். அவள் அந்த ஒரு கண்ணியைத் திருத்தினாள், வரிசை முழுக்க மாறியது.

சேலைக்கு வேறு வசதி. கிரிட்டாவில் டபிள்யூ விசையை அழுத்தினால், கேன்வாஸ் நாலாபக்கமும் திரும்பத் திரும்ப வரும். வலது ஓரத்தில் போகும் கொடி இடது ஓரத்தில் வந்து சேரும். புட்டா, கரை எல்லாம் ஒட்டுத் தெரியாமல் அமையும். ஆனால் ஜக்கார்டுக்கு, அதாவது டிசைனை நெய்யும் தறிக்குப் போகும் படத்தில் ஒவ்வொரு கட்டமும் ஒரே நிறமாக இருக்க வேண்டும், ஓரம் மங்கலாக இருந்தால் தறிக்குப் புரியாது. அதனால் மென்மையான பிரஷை விட்டு, பிக்சல் பிரஷை எடுங்கள். கட்டக் கோடுகளைத் திரையில் காட்டச் சொல்லி, கிராப் தாளில் நிரப்புவது போலவே நிரப்புங்கள். அதன்பின் அட்டைக்கோ தறிக் கணினிக்கோ மாற்றுவது அதற்கென்று உள்ளவர்களின் வேலை.

அச்சுக்கும் ஃபிளெக்ஸுக்கும் கொடுக்கும்போது நிறம் செத்துவிடுகிறதே?

திரை ஒளியால் நிறம் காட்டுகிறது, அச்சு மையால் காட்டுகிறது. திரையில் பளீரென்று தெரியும் கிளிப்பச்சை, மின்நீலம், ரோஜா எல்லாம் மையில் கிடைக்காது. அட்டை, புத்தகம், கல்யாணப் பத்திரிகை என்றால் தொடங்கும்போதே அங்குலத்துக்கு 300 புள்ளி வைத்துக்கொள்ளுங்கள். முடிந்ததும் சிஎம்ஒய்கே என்ற அச்சு மை நிறங்களுக்கு மாற்றிப் பார்த்துவிட்டுக் கொடுங்கள், கிரிட்டாவிலேயே அந்த வசதி இருக்கிறது.

ஆடி மாதம் வந்தால் கோட்டை மாரியம்மன் திருவிழாவுக்கு ஃபிளெக்ஸ் வரையச் சொல்லி வருவார்கள். பத்துக்கு எட்டு அடி பேனரை 300 புள்ளியில் வைத்தால் லேப்டாப் நின்றுவிடும். தூரத்திலிருந்து பார்ப்பதற்கு 72 போதும், அதுவே 8640க்கு 6912 பிக்சல் ஆகிவிடும். பழைய லேப்டாப் என்றால் அதில் பாதி அளவில் வரைந்து கொடுத்தாலும் ரோட்டில் நிற்பவர் கண்ணுக்குக் குறை தெரியாது.

படத்தில் எழுதிய தமிழ், கடையில் திறந்தால் கட்டம் கட்டமாக வருகிறது.

உங்கள் கணினியில் இருக்கும் எழுத்துரு அங்கே இல்லை. பல டிடிபி கடைகளில் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களை இன்னும் வைத்திருக்கிறார்கள், நாம் யூனிகோடில் அடிக்கிறோம், இரண்டும் ஒத்துப்போகாது. எழுத்தை இங்க்ஸ்கேப்பில் அடித்து, பாதை என்ற மெனுவில் பொருளைப் பாதையாக மாற்றும் கட்டளையைக் கொடுங்கள். எழுத்து வெறும் வடிவமாகிவிடும், எங்கே திறந்தாலும் மாறாது. மாற்றுவதற்கு முன் ஒரு நகல் எடுத்து வையுங்கள், மாற்றியபின் எழுத்துப்பிழையைத் திருத்த முடியாது.

ஏற்காட்டில் இருக்கிறோம். அங்கே வரைவதற்கு ஏதாவது தனியாகப் பார்க்க வேண்டுமா?

மழைக்காலத்தில் மரம் விழுந்து கரண்ட் போவதைத்தான் முதலில் யோசிக்க வேண்டும். பென் டேப்லெட் யுஎஸ்பி வழியே கொஞ்சம் மின்சாரம்தான் எடுக்கும், லேப்டாப் பேட்டரி இருக்கும்வரை வரையலாம். டெஸ்க்டாப் என்றால் யுபிஎஸ் கட்டாயம். இடி இடிக்கும்போது பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். ஈரத்துக்கு, செருப்புப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைச் சேர்த்துவைத்து டேப்லெட் பையில் போடுங்கள்.

வெயிலில் லேப்டாப் திரை தெரியாது. அதனால் ஏரிக்கரையிலோ தோட்டத்திலோ நோட்டும் பென்சிலும் வைத்து வரைந்துவிட்டு, வீட்டுக்கு வந்து போனில் படமெடுத்து, கிரிட்டாவில் கீழ் லேயராக வைத்து அதன்மேல் வரையுங்கள்.

பனிமூட்டம் வரையக் கற்றுக்கொள்ள ஏற்காட்டைப் போன்ற இடம் கிடையாது. மலையிலிருந்து வரும் அந்த மாணவர் முதலில் எல்லாவற்றையும் வரைந்து முடித்துவிட்டு, மேலே வெள்ளையைப் பூசுவார். படம் அழுக்குத் துணியால் மூடினது மாதிரி இருக்கும். நான் மாற்றிச் சொன்னேன். முதலில் கேன்வாஸ் முழுக்கப் பனியின் நிறத்தை நிரப்பு. அது வெள்ளை இல்லை, காலையில் லேசான நீலச் சாம்பல். அதன்மேல் தூரத்து மலை, பனியின் நிறத்தை விட ஒரு துளி அடர்த்தியாக, அவ்வளவுதான். அடுத்த லேயரில் மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்கள், இன்னும் கொஞ்சம் அடர்த்தியாக. ஒவ்வொரு லேயருக்கும் நடுவில் பனி நிறத்தில் ஒரு லேயர், இருபது சதவீத ஒளிபுகாமையில். கடைசியாக முன்னால் நிற்கும் காப்பிச் செடிக்கு மட்டும் முழுக் கரும்பச்சை, ஈரம் மினுங்கும் இலை. அடுத்த வாரம் அவர் கொண்டுவந்த படத்தில் கொண்டை ஊசி வளைவு ஒன்றில் பஸ்ஸின் விளக்கு இரண்டும் பனிக்குள் மஞ்சளாகக் கரைந்திருந்தன. பஸ்ஸை அவர் வரையவே இல்லை. மாடியில் இருந்த எல்லாரும் அது பஸ் என்று சொன்னார்கள்.

இடது கைப் பழக்கம்.

பலகையைத் தலைகீழாகத் திருப்பி வைத்து, டிரைவரில் 180 டிகிரி அல்லது இடது கை என்று தேர்ந்தெடுங்கள். வேறு எதுவும் வேண்டாம்.

அழுத்தினாலும் கோடு தடிக்கவில்லை. டேப்லெட் கெட்டுவிட்டதா?

பத்துக்கு ஒன்பது தடவை டிரைவர்தான் காரணம். முன்பு வேறு நிறுவனத்தின் டேப்லெட் வைத்திருந்தால் அதன் டிரைவரை முழுக்க நீக்கி, கணினியை ஒருமுறை அணைத்துப் போட்டு, அப்புறம் புதிதை நிறுவுங்கள். கிரிட்டாவின் அமைப்பில் டேப்லெட் பகுதியில் விண்டோஸ் இங்க், வின்டேப் என்று இரண்டு வழி இருக்கும். ஒன்றில் வரவில்லை என்றால் மற்றதற்கு மாற்றிவிட்டு, கிரிட்டாவை மூடித் திறங்கள். அங்கேயே டேப்லெட் சோதிப்பானும் உண்டு. அதில் அழுத்தம் மாறுவது தெரிந்தால் பலகை நலம், பிரஷ் அமைப்பைப் பாருங்கள்.

என் மகனுக்கு எட்டு வயது. வாங்கித் தரலாமா?

கொஞ்ச நாள் போகட்டும். அந்த வயதில் மெழுகு, தண்ணீர் வண்ணம், களிமண் என்று கையில் ஒட்டும் பொருட்களே நல்லது. பென்சிலால் தினமும் தானாக உட்கார்ந்து வரைகிற பிள்ளை என்று தெரிந்தபின், பதினொன்று பன்னிரண்டு வயதில் வாங்குங்கள்.

திரை உள்ள டேப்லெட் எப்போது வாங்குவது?

வரைந்து வரும் பணத்தில் வாங்க முடிகிறபோது. விலை ரூ.15,000க்கு மேல்தான் தொடங்கும். குனிந்தே வரைவதால் கழுத்து வலி கூடவே வரும், ஸ்டாண்டு வாங்க மறக்காதீர்கள். நான் திரை இல்லாததில்தான் இன்றும் பாதி வேலை செய்கிறேன். கை திரையை மறைக்காது, முதுகும் நிமிர்ந்திருக்கும்.

கையுறை, கூடுதல் முனை எல்லாம் தேவையா?

திரை இல்லாத பலகைக்குக் கை பட்டாலும் தெரியாது, பேனாவை மட்டும்தான் அறியும். ஆனால் சித்திரை, வைகாசியில் சேலத்து வெயிலுக்குக் கை வியர்த்து ஒட்டும். பழைய பருத்தி சாக்ஸை வெட்டி, சுண்டு விரலுக்கும் மோதிர விரலுக்கும் மாட்டிக்கொள்ளுங்கள்.

முனை தேயும். ஒரு பக்கம் சரிந்து உளி மாதிரி ஆகிவிட்டால் பலகையைக் கீறும், உடனே மாற்றுங்கள். பெட்டியில் கூடுதல் முனைகளும் பிடுங்க ஒரு வளையமும் இருக்கும். பலகை மேல் காகிதம் வைத்து வரைந்தால் பென்சில் உணர்வு வரும், ஆனால் முனை சீக்கிரம் தேயும். ஜெராக்ஸ் கடையில் கிடைக்கும் ஒளிபுகும் பிளாஸ்டிக் தாள் ஒன்றை வெட்டி ஒட்டினால் பலகையும் பிழைக்கும்.

செகண்ட் ஹாண்டில் வாங்கலாமா?

தாராளமாக. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போய், மாட்டிப் பார்த்து வாங்குங்கள். பேனா கூட வருகிறதா என்று முதலில் கேளுங்கள். ஒரு நிறுவனத்தின் பேனா இன்னொன்றில் வேலை செய்யாது, புதுப் பேனா வாங்கப் போனால் பழைய டேப்லெட்டின் பாதி விலை அதற்கே போய்விடும். நான்கு மூலையிலும் எழுதிப் பாருங்கள். ஒரு ஸ்கேல் வைத்து மூலைக்கு மூலை மெதுவாகக் கோடு இழுங்கள், நடுவில் விட்டுப்போகிறதா, அலை அடிக்கிறதா என்று தெரியும். வயர் மாட்டும் துளையை லேசாக ஆட்டிப் பாருங்கள். இணைப்பு விட்டுவிட்டு வந்தால் எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் எடுக்காதீர்கள். பலகையில் சின்னக் கீறல்கள் இருந்தால் பயப்பட வேண்டாம், அதைச் சொல்லியே இருநூறு முந்நூறு குறைத்துக் கேட்கலாம்.